டைரக்டர் சீட்டை யாருக்குக் கொடுப்பது?

சேலம், நாமக்கல் பக்கம் ஏதாவது ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியின் டைரக்டர் லிஸ்டை எடுத்துப் பாருங்கள். முதலாளி இருப்பார், அவர் மனைவி இருப்பார். கொஞ்சம் பெரிய கம்பெனி என்றால் தம்பியோ மச்சானோ கூடவே இருப்பார். ஆடிட்டர் ஆபீஸில் டீ வருவதற்குள் முடிவான லிஸ்ட் அது. "ரெண்டு பேர் வேணுமுங்க, இன்னொருத்தர் யாரைப் போடறது?" என்று ஆடிட்டர் கேட்டிருப்பார். "வீட்ல பேரையே போட்டுருங்க" என்று பதில் வந்திருக்கும்.

சட்டப்படி இதில் தப்பே இல்லை. 2013ஆம் வருஷத்துக் கம்பெனிச் சட்டம் பிரைவேட் லிமிடெட்டுக்கு இரண்டு டைரக்டர் போதும் என்கிறது, பப்ளிக் லிமிடெட்டுக்கு மூன்று. தொழில் ஒரே ஷெட்டுக்குள் இருக்கும்வரை இந்த ஏற்பாடு ஓடும். இரண்டாவது யூனிட்டுக்கு டேர்ம் லோன் எடுக்கும்போதும், வெளிநாட்டு பையர் கம்பெனியைத் துருவிப் பார்க்கும்போதும், படித்துவிட்டு வந்த மகன் அப்பாவின் கணக்கை எதிர்த்துப் பேசும்போதும் அந்த மேசையில் இன்னொரு குரல் தேவைப்படும். அந்தக் குரலை எப்படித் தேடுவது, எப்படிச் சோதிப்பது, என்ன கொடுப்பது, சரிப்படாவிட்டால் எப்படி அனுப்புவது? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான். கடைசிப் பகுதி, அந்த சீட்டில் உட்கார அழைப்பு வரும் ஆட்களுக்கு.

போர்டு விஷயத்தில் விழிப்பு லேட்டாக வந்தால் என்ன ஆகும் என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். காவிரியைத் தாண்டினால் கரூர். 1926இல் அந்த ஊர் வியாபாரிகள் ஏழு பேர் சேர்ந்து ஆரம்பித்தது லட்சுமி விலாஸ் பேங்க். வாராக்கடன் ஏறி, 2019 செப்டம்பரில், பலவீனமான பேங்குகளுக்கான ரிசர்வ் வங்கியின் பிசிஏ கட்டுப்பாட்டுக்குள் போனது. இந்தியாபுல்ஸோடு இணையலாம் என்ற திட்டத்தை அடுத்த மாதமே ரிசர்வ் வங்கி நிராகரித்தது. 2020 செப்டம்பர் 25 அன்று நடந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஷேர்ஹோல்டர்கள் சிஇஓ உட்பட ஏழு டைரக்டர்களை ஓட்டுப் போட்டு வெளியே அனுப்பினார்கள். அதற்குப் பிறகு பேங்குக்குக் கிடைத்தது இரண்டே மாதம். நவம்பர் 17 அன்று மொரட்டோரியம் வந்தது, டெபாசிட் போட்டவர்கள் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியவில்லை. நவம்பர் 27 அன்று டிபிஎஸ் பேங்க் இந்தியாவோடு இணைந்தது. ஷேர் மூலதனம் மொத்தமும் ரைட்-ஆஃப், ஷேர் வைத்திருந்தவர்களுக்கு ஒரு பைசா வரவில்லை. அதே ஊரில் 1916இல் பிறந்த கரூர் வைஸ்யா பேங்க் இன்றைக்கும் தனியாகவே தொழில் செய்கிறது.

ஷேர்ஹோல்டர்களின் கோபத்தில் நியாயம் இருந்தது. காலம்தான் தப்பு. அந்த வாராக்கடன்களெல்லாம் ஒரு காலத்தில் யாரோ மேசையில் வைத்து சாங்ஷன் ஆன ஃபைல்கள். கேள்வி கேட்கிற ஆள் தேவைப்பட்டது அப்போது. உங்கள் கம்பெனிக்கும் இதே கணக்குதான். லாபம் நன்றாக வருகிற வருஷத்திலேயே போர்டைச் சரிசெய்யுங்கள். கஷ்டம் வந்த பிறகு கூப்பிட்டால் உருப்படியான ஆள் எவரும் வரமாட்டார்.

1. ஓட்டை லிஸ்ட் போடுங்கள்

பெயர்களை யோசிப்பது அப்புறம். கடைசி மூன்று வருஷத்தில் பணம் எங்கெங்கே கசிந்தது என்று முதலில் ஒரு பேப்பரில் எழுதுங்கள். டைரக்டர் தேடல் அந்தப் பேப்பரிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கோழிப்பண்ணை வைத்திருக்கிறீர்களா? முட்டை விலையை என்இசிசி அறிவிக்கிறது, அதில் நீங்கள் செய்வதற்கு அதிகமில்லை. செலவில் பெரும்பங்கு தீவனம். மக்காச்சோளத்தையும் சோயாவையும் எப்போது, எவ்வளவு, எந்த விலைக்கு வாங்கி இருப்பு வைப்பது என்பதில்தான் வருஷ லாபமே நிற்கிறது. உங்களுக்கு வேண்டியது தானிய மார்க்கெட் தெரிந்த ஒரு கொள்முதல் ஆள். கோழி தெரிந்த ஆள் ஏற்கெனவே இருக்கிறார், அது நீங்கள்.

லாரி பாடி பில்டிங் என்றால் விதிமுறைகளைக் கவனிக்க ஒருவர் வேண்டும். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் கனரக, நடுத்தர லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம் என்ற அறிவிப்பு 2023 டிசம்பரிலேயே வந்துவிட்டது. கிட்டத்தட்ட இரண்டு வருஷ அவகாசம். அதை அப்போதே படித்து, டிசைன், விலை, சப்ளையர் என்று வேலையை ஆரம்பிக்கச் சொல்ல உங்கள் மேசையில் யார் இருந்தார்?

ஜவ்வரிசி ஆலைக்காரர்களுக்கு சேகோசர்வ் டெண்டர் அத்துப்படி. 1981இலிருந்து சேலத்தில் இயங்கும் கூட்டுறவு அது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் மூட்டையாக விற்றே பழகியவர்களுக்கு பாக்கெட் போட்டு பிராண்டாக விற்கத் தெரியாது. அங்கே ஒரு எஃப்எம்சிஜி சேல்ஸ் ஆள் உட்கார்ந்தால் பேச்சே மாறும். பள்ளிபாளையம், குமாரபாளையம் சாயப்பட்டறைக்காரர்களுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய விதிகளைத் தெரிந்தவர். செவ்வாய்ப்பேட்டைக் கொலுசு வியாபாரிக்கு, 2025இல் வெள்ளி விலை ஒரே வருஷத்தில் இரட்டிப்பைத் தாண்டிய மாதிரி இன்னொரு வருஷம் வந்தால் ஹெட்ஜிங் எப்படிச் செய்வது என்று சொல்லத் தெரிந்தவர். திருச்செங்கோடு ரிக் வண்டிக்காரருக்கு, பல மாநிலத்தில் நிற்கும் பாக்கியை வசூலிக்க ஒரு சிஸ்டம் போடத் தெரிந்தவர்.

என் அனுபவத்தில், பெரும்பாலான கம்பெனிகளுக்கு ஓட்டை தயாரிப்புப் பக்கம் இருப்பதில்லை. இந்த ஊர் முதலாளிகள் தொழிலைக் கையால் கற்றவர்கள். கசிவெல்லாம் பணத்தில்: வராத பாக்கி, தேவைக்கு மேல் ஸ்டாக், சிசி லிமிட்டை எடுத்து நிலம் வாங்குவது. சப்ளையராகிய குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று எம்எஸ்எம்இ சட்டம் சொல்கிறது. அதை வைத்து பையரிடம் பேசக்கூடத் தயங்குகிறவர்கள் நிறைய. எதுவும் புரியவில்லை என்றால் முதல் வெளியாள் ஃபைனான்ஸ் தெரிந்தவராக இருக்கட்டும்.

ஐந்து ஓட்டை இருந்தால் ஐந்து பேர் வேண்டாம். பெரிய ஓட்டை இரண்டுக்கு இரண்டு பேர் போதும். மொத்தம் நான்கைந்து பேருக்கு மேல் போனால் சிறு கம்பெனி போர்டு கல்யாணப் பந்தி மாதிரி ஆகிவிடும், யாரும் வேலை பேசமாட்டார்கள்.

2. சொந்தபந்தத்தை எடை போடுங்கள்

குடும்பத்தை ஒதுக்கச் சொல்லவில்லை. பணம் அவர்களுடையது, பேங்கில் கேரண்டி கையெழுத்து அவர்களுடையது. ஆனால் ஒவ்வொரு சொந்தக்காரருக்கும் ஒரு கேள்வி கேளுங்கள்: இவர் சொந்தமாக இல்லாவிட்டால் இந்த சீட்டுக்கு இவரைக் கூப்பிடுவேனா? பதில் இல்லை என்றால் ஷேர் கொடுங்கள், டிவிடெண்ட் கொடுங்கள், டைரக்டர் சீட் வேண்டாம்.

பங்காளி ஒருவரைச் சேர்த்தால் மாமன் மச்சான் பக்கமும் ஒருவரைச் சேர்த்தாக வேண்டும் என்ற நிர்ப்பந்தம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்த சமநிலைக் கணக்கு போர்டுக்குள் வந்தால் மெஷின் வாங்குவதும் சீர் செய்வதும் ஒன்றாகிவிடும். அதைத் தீர்க்க நாசூக்கான வழி ஒன்று உண்டு. குடும்பத்துக்குத் தனியாக ஒரு கூட்டம் வையுங்கள், வருஷத்துக்கு இரண்டு முறை. லாபப் பங்கு, வீடு, வாரிசு பேச்செல்லாம் அங்கே. போர்டு மேசையில் தொழில் மட்டும்.

மனைவி பெயரை "சும்மா" போடுகிறவர்கள் கவனிக்க. சட்டத்தின் முன் சும்மா டைரக்டர் என்று ஒருவர் இல்லை. பிரைவேட் கம்பெனியிடமிருந்து வசூலிக்க முடியாத வருமான வரி பாக்கியை டைரக்டர்களிடம் வசூலிக்கச் சட்டம் இருக்கிறது. தன் கவனக்குறைவால் அது நேரவில்லை என்று நிரூபிக்க வேண்டியது டைரக்டர் பொறுப்பு. ஜிஎஸ்டியிலும் இதே மாதிரி பிரிவு இருக்கிறது. செக் பவுன்ஸ் கேஸில் நிர்வாகப் பொறுப்பில் இருந்தவர்மேல்தான் வழக்கு நிற்கும், ஆனால் நோட்டீஸில் எல்லா டைரக்டர் பெயரும் வந்துவிடும். பேலன்ஸ் ஷீட்டைப் பார்க்காமலே கையெழுத்துப் போடும் மனைவிக்கு அதைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள், இல்லை என்றால் பெயரை எடுத்துவிடுங்கள்.

மறுபக்கமும் உண்டு. தகுதியுள்ள மகளை வீட்டுக்கு வெளியே நிறுத்துவது. முருகப்பா குரூப்பில் எம்.வி. முருகப்பன் 2017இல் காலமான பிறகு, அமெரிக்காவில் அணுத்துறை எஞ்ஜினியராக இருந்த அவர் மகள் வள்ளி அருணாசலம், குடும்பத்தின் ஹோல்டிங் கம்பெனியான அம்பாடி இன்வெஸ்ட்மென்ட்ஸ் போர்டில் இடம் கேட்டார். 2020 ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் 91 சதவீதத்துக்கும் மேலான ஓட்டு அவருக்கு எதிராக விழுந்தது. விஷயம் சமரசமாக முடிந்தது 2023 ஆகஸ்டில். இத்தனை பெரிய, பெயர் பெற்ற குடும்பத்துக்கே மூன்று வருஷம். உங்கள் வீட்டில் மகள் எம்பிஏ, மகன் கிரிக்கெட் என்றால் சீட் யாருக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

3. இவர்களைக் கூப்பிடாதீர்கள்

உங்கள் ஆடிட்டர். சட்டமே தடுக்கிறது: கம்பெனியின் அதிகாரியாக இருப்பவரோ, நெருங்கிய சொந்தம் அங்கே டைரக்டராக இருப்பவரோ ஸ்டேச்சுட்டரி ஆடிட்டராக இருக்க முடியாது. வேறு ஒரு சிஏவைக் கூப்பிடுங்கள், அது அருமையான தேர்வு.

உங்கள் பெரிய கஸ்டமர் அல்லது பெரிய சப்ளையர். உங்கள் மார்ஜின் தெரிந்த அடுத்த நாள் அவர் ரேட் பேச்சு வேறு மாதிரி இருக்கும். யாரையும் குறை சொல்லவில்லை, அவர் இடத்தில் நீங்கள் இருந்தாலும் அதைத்தான் செய்வீர்கள்.

வட்டிக்குக் கொடுத்தவர். கடன் வசூலாகும்வரை அவருக்குக் கம்பெனியின் நாளைய நிலையைவிடத் தன் அசல்தான் முக்கியம்.

கட்சிக்காரர். ஆட்சி மாறும்.

பெரிய பெயர். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ரிட்டயர்டு ஐஏஎஸ் பெயரை லெட்டர்பேடில் போட்டால் பேங்கில் மரியாதை வரும் என்று நினைக்கிறவர்கள் சத்யம் என்ற ஐடி கம்பெனியின் கதையைப் படிக்கட்டும். அந்த போர்டில் ஹார்வர்டு பேராசிரியர் இருந்தார், ஐஎஸ்பி டீன் இருந்தார், முன்னாள் கேபினட் செக்ரட்டரி இருந்தார். 2008 டிசம்பர் 16 அன்று, சேர்மன் ராமலிங்க ராஜு குடும்பத்தின் இரண்டு மேடாஸ் கம்பெனிகளை 160 கோடி டாலருக்கு வாங்க அந்த போர்டு ஒப்புதல் கொடுத்தது. முதலீட்டாளர்கள் கொதித்ததால் சில மணி நேரத்தில் திட்டம் வாபஸ். 2009 ஜனவரி 7 அன்று ராஜுவே கடிதம் எழுதி, ஏறக்குறைய 7,000 கோடி ரூபாய் கணக்கு மோசடியை ஒப்புக்கொண்டார். அறிவுக்குப் பஞ்சமில்லாத போர்டு. முதலாளியின் சொந்தக் கம்பெனியை ஏன் வாங்க வேண்டும் என்ற கேள்வியை அங்கே அடித்துக் கேட்டு நிறுத்த ஆளில்லாமல் போயிற்று.

4. எங்கே தேடுவது

சென்னை வேண்டாம், கோயமுத்தூர்கூட அவசியமில்லை. சேலம் ஸ்டீல் பிளான்ட்டிலும் மேட்டூர் தொழிற்சாலைகளிலும் பிளான்ட் நடத்தி ரிட்டயர் ஆனவர்கள் சேலத்திலேயே வீடு கட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். மெயின்டெனன்ஸ், பர்ச்சேஸ், சேஃப்டி எல்லாவற்றுக்கும் ஒழுங்கு தெரிந்த ஆட்கள். பேங்குகளில் கிரெடிட் பார்த்து ரிட்டயர் ஆன சீஃப் மேனேஜர்களுக்கு, லோன் ஃபைலை எதிர்ப்பக்கத்திலிருந்து படிக்கத் தெரியும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி, ஏத்தாப்பூர் மரவள்ளி ஆராய்ச்சி நிலையம், சேலம் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் ஆகியவற்றில் வேலை பார்த்த நிபுணர்களும் இருக்கிறார்கள். இந்திய கார்ப்பரேட் விவகார நிறுவனம் 2019இலிருந்து இன்டிபென்டென்ட் டைரக்டர்களுக்கு ஒரு டேட்டாபேங்க் நடத்துகிறது, அதிலும் தேடலாம்.

போட்டிக் கம்பெனியில் வேலை பார்த்தவரை எடுக்கலாமா? எடுக்கலாம், அங்கிருந்து விலகி இரண்டு வருஷமாவது ஆகியிருந்தால். விலகின மறுநாளே ரகசியத்தோடு வருகிறவர், உங்கள் ரகசியத்தோடும் ஒரு நாள் கிளம்புவார்.

விவசாயிகள் உற்பத்தியாளர் கம்பெனி நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்கு விதிகளே வேறு: டைரக்டர்கள் ஐந்திலிருந்து பதினைந்து பேர், முழுநேர சிஇஓ ஒருவர் கட்டாயம். ஊருக்கு ஒரு பெரியவர் என்று சீட்டை நிரப்பிவிடுகிறீர்கள். மொத்த போர்டில் ஐந்தில் ஒரு பங்கு வரை நிபுணர் டைரக்டர்களைச் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது. பத்துப் பேர் போர்டில் இரண்டு இடம். மஞ்சளோ மரவள்ளியோ வெளி மார்க்கெட்டில் விற்றுப் பழகிய ஒருவர், கணக்கு தெரிந்த ஒருவர். அந்த இடங்களைக் காலியாக வைத்திருப்பது கையில் இருக்கும் பணத்தை எடுக்காமல் விடுவது.

5. இன்டர்வியூ வேண்டாம், பரிட்சை வையுங்கள்

ஹோட்டலில் சாப்பிட்டுப் பேசினால் எல்லோரும் நல்லவர்களே. ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு மூன்று வருஷ பேலன்ஸ் ஷீட்டைக் கொடுங்கள். ஒரு வாரம் கழித்து ஐந்து கேள்வியோடு வரச் சொல்லுங்கள்.

"ரொம்ப நல்லா பண்றீங்க சார்" என்று ஆரம்பிக்கிறவருக்கு டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். "டர்னோவர் ஏறியிருக்கு, ஆனா டெட்டர்ஸ் அதைவிட வேகமா ஏறியிருக்கே, யாருங்க அந்தப் பார்ட்டி?" என்று கேட்கிறவர் உங்கள் ஆள். கேள்வி கேட்டபோது உங்களுக்குச் சுருக்கென்று குத்தியதா? நல்ல அறிகுறி. குத்தலோடு சேர்ந்து மரியாதையும் இருந்ததா என்று பாருங்கள். பொதுவில் மட்டம் தட்டுகிற ஆள் உங்கள் மகன் முன்னால் உங்களை அவமானப்படுத்துவார், மீட்டிங் அதோடு நின்றுபோகும்.

அப்புறம் யூனிட்டைச் சுற்றிக் காட்டுங்கள், நீங்கள் கொஞ்சம் பின்தங்குங்கள். ஃபிட்டரிடமும் லோடுமேனிடமும் ஏதாவது கேட்கிறாரா, போனைப் பார்த்துக்கொண்டே நடக்கிறாரா?

6. பேப்பரைப் பாருங்கள்

எம்சிஏ வெப்சைட்டில் டிஐஎன் நம்பர் ஆக்டிவாக இருக்கிறதா, வேறு எந்தெந்தக் கம்பெனியில் இருக்கிறார் என்று பார்த்துவிடுங்கள். ஒருவர் 20 கம்பெனிக்கு மேல் டைரக்டராக இருக்க முடியாது, அதில் பப்ளிக் கம்பெனி 10க்கு மேல் கூடாது. ஆனால் ஏழெட்டைத் தாண்டினாலே உங்களுக்கு அவரிடம் நேரம் இருக்காது. தொடர்ந்து மூன்று வருஷம் கணக்கு ஃபைல் பண்ணாத கம்பெனியின் டைரக்டருக்கு ஐந்து வருஷத் தடை வரும். 2017இல் மத்திய அரசு இப்படி 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் தகுதி நீக்கம் செய்தது. அதில் பலர் மனைவி, மச்சான் வகை டைரக்டர்கள் என்பது என் ஊகம். சிபில், வில்ஃபுல் டிஃபால்டர் லிஸ்ட், கோர்ட் கேஸ், மூன்றையும் தட்டிப் பாருங்கள். அவரோடு முன்பு மீட்டிங்கில் உட்கார்ந்த இரண்டு பேரிடம் பேசுங்கள், அவர் கொடுத்த ரெஃபரன்ஸ் நம்பர்களைத் தவிர.

மகன் அமெரிக்காவில், மருமகள் சிங்கப்பூரில், இருவரையும் டைரக்டராக்கி அப்பா விலகலாம் என்றால் நடக்காது. நிதியாண்டில் 182 நாளாவது இந்தியாவில் தங்கும் டைரக்டர் ஒருவராவது வேண்டும்.

7. டிரையல் பாருங்கள்

முதலில் ஆறு மாதம் அட்வைசரி போர்டு. ஆர்ஓசியில் எந்த ஃபைலிங்கும் இல்லை, பிடிக்காவிட்டால் இரண்டு பக்கமும் கைகுலுக்கிப் பிரிந்துவிடலாம். அடுத்த படி, ஆர்ட்டிகிள்ஸில் இடமிருந்தால், அடிஷனல் டைரக்டராக நியமிப்பது. அந்தப் பதவி அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டம் வரைதான், அங்கே உறுதி செய்யாவிட்டால் தானாக முடிந்துவிடும். யாரையும் நீக்கினோம் என்ற பேச்சே வராது. டைரக்டராக்கினால் டிஐஆர்-2இல் அவர் சம்மதம், 30 நாளுக்குள் டிஐஆர்-12.

பப்ளிக் லிமிடெட் ஆகி எஸ்எம்இ ஐபிஓ போகும் ஆசை இருப்பவர்கள் இதை முன்கூட்டியே ஆரம்பிக்க வேண்டும். லிஸ்ட் ஆகாத பப்ளிக் கம்பெனியிலேயே பெய்டு-அப் மூலதனம் 10 கோடி, டர்னோவர் 100 கோடி, கடன் 50 கோடி, இதில் எதைத் தொட்டாலும் இன்டிபென்டென்ட் டைரக்டர் இரண்டு பேர் கட்டாயம். ஐபிஓவுக்கு ஒரு மாதம் முன் மெர்ச்சன்ட் பேங்கர் கூட்டிவரும் ஆட்கள் உங்கள் கம்பெனி எங்கே இருக்கிறது என்றே மேப்பில் தேடுவார்கள்.

8. காசு கொடுங்கள்

"நம்ம சாருக்கு எதுக்குங்க காசு, பிரியத்துல வர்றாரு." பிரியத்தில் வருகிறவர் கோவில் திருவிழா வந்தால் வரமாட்டார். சட்டப்படி ஒரு மீட்டிங்குக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை சிட்டிங் ஃபீ தரலாம். அவ்வளவு வேண்டாம், உங்கள் கம்பெனியின் சீனியர் மேனேஜர் ஒரு வாரத்தில் வாங்கும் தொகையை அளவாக வையுங்கள். டிடிஎஸ் பிடிக்க வேண்டும், ஜிஎஸ்டியை ரிவர்ஸ் சார்ஜில் கம்பெனி கட்ட வேண்டும், உங்கள் ஆடிட்டருக்குத் தெரியும். லாபத்தில் சதவீதம் தருகிறேன் என்று சொல்லாதீர்கள். லாபத்தைப் பெரிதாகக் காட்ட இன்னொரு ஆளுக்கு ஆசை காட்டின மாதிரி ஆகும்.

9. மீட்டிங்கை நிஜமாக நடத்துங்கள்

நல்ல ஆளைப் பிடித்துவிட்டு, மினிட்ஸை ஆடிட்டர் ஆபீஸில் டைப் அடித்து வீட்டுக்குக் கையெழுத்துக்கு அனுப்பினால் இத்தனையும் வீண். சட்டம் கேட்பது வருஷத்துக்கு நான்கு மீட்டிங், இடைவெளி 120 நாளுக்குள். சிறு கம்பெனி என்ற வரையறைக்குள் வந்தால் அரையாண்டுக்கு ஒன்று, நடுவில் 90 நாளாவது இடைவெளி. நான் சொல்வது மூன்று மாதத்துக்கு ஒன்று, தேதியை வருஷ ஆரம்பத்திலேயே குறித்துவிடுவது. குறைந்தது இரண்டு பேர் இருந்தால்தான் கோரம். இருவர் மட்டும் உள்ள போர்டில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் கம்பெனியே படுத்துவிடும். வெளியாளைச் சேர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஏழு நாள் முன் நோட்டீஸ், கூடவே இரண்டு பக்கத் தாள்: பேங்க் பேலன்ஸ், 90 நாளைத் தாண்டிய பாக்கி பார்ட்டி வாரியாக, ஸ்டாக், அடுத்த மூன்று மாதத்தில் கட்ட வேண்டிய தவணை, வரி, பிஎஃப். ஒரே ஒரு முடிவை மட்டும் விரிவாகப் பேசுங்கள். நீங்கள் கடைசியில் பேசுங்கள். முதலாளி முதலில் கருத்துச் சொன்னால் நம் ஊரில் மற்றவர்கள் தலையாட்டிவிடுவார்கள், அது மரியாதை என்று அவர்களுக்கு நினைப்பு. மறுத்தவர் பெயரையும் காரணத்தையும் மினிட்ஸில் எழுதுங்கள்.

ஒவ்வொரு டைரக்டரும் தனக்கு வேறு எந்த கம்பெனியில், ஃபர்மில் பங்கு இருக்கிறது என்று எம்பிபி-1இல் எழுதித் தர வேண்டும், நிதியாண்டின் முதல் மீட்டிங்கில். உங்கள் மச்சானின் டிரான்ஸ்போர்ட்டுக்குப் போகும் லோடு பற்றிய பேச்சு அப்போதே மேசைக்கு வந்துவிடும்.

10. அனுப்பும் வழி

நியமனக் கடிதத்திலேயே இரண்டு வருஷம் என்று எழுதிவிடுங்கள். பன்னிரண்டு மாதம் எந்த மீட்டிங்குக்கும் வராதவரின் பதவி சட்டப்படி தானாகவே காலி. மற்றபடி பொதுக்கூட்டத்தில் ஸ்பெஷல் நோட்டீஸ் கொடுத்து, சாதாரணத் தீர்மானத்தில் நீக்கலாம். ஆனால் இந்தச் சிறிய வட்டாரத்தில் நாளைக்கு ஒரு கல்யாணத்தில் அவரைப் பார்க்க வேண்டியிருக்கும், கடிதத்தில் தேதி இருப்பதே சுகம்.

உங்களைக் கூப்பிட்டால்?

இது மேனேஜர்களுக்கு, இளம் சிஏக்களுக்கு, பேங்கில் வேலையை விட்டவர்களுக்கு. டைரக்டர் என்ற கார்டு நல்ல கார்டுதான். நாற்பது வயதில் ஒரு சிறு கம்பெனி போர்டில் நான்கு வருஷம் உருப்படியாக உட்கார்ந்தால், ஐம்பதில் பெரிய கம்பெனி கதவு திறக்க வாய்ப்பு உண்டு. உங்களுக்கு என்ன லாபம் என்று யோசிப்பதில் வெட்கமே வேண்டாம், அவரும் அதைத்தான் யோசித்துக் கூப்பிடுகிறார்.

கூப்பிடும்படி ஆக என்ன செய்யலாம்? கொடிசியா, சிஐஐ கூட்டங்களில் கார்டு கொடுத்துத் திரிவதைவிட, ஒரு தொழிலைப் பிடித்து அதன் எண்களை மனப்பாடம் ஆக்குங்கள். பண்ணையில் ஒரு முட்டைக்கு எத்தனை கிராம் தீவனம், ஆலையில் ஒரு மூட்டை ஜவ்வரிசிக்கு எத்தனை கிலோ கிழங்கு என்று பேசத் தெரிந்த சிஏவை இந்தப் பக்கம் விடமாட்டார்கள்.

சம்மதம் சொல்லும் முன் மூன்றைத் தெளிவாக்குங்கள். ஒன்று, பேங்கில் பர்சனல் கேரண்டி கேட்பார்களா? புரமோட்டரிடம் கேட்பது வழக்கம். வெளியாளான நீங்கள் கையெழுத்திட மாட்டேன் என்று முதல் நாளே எழுத்தில் சொல்லிவிடுங்கள். இரண்டு, செக்கில் கையெழுத்துப் போடும் அதிகாரம் வேண்டாம் என்று சொல்லுங்கள். நிர்வாகத்தில் இல்லாத நான்-எக்ஸிக்யூட்டிவ் டைரக்டரின் பொறுப்பு, அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு, அல்லது அவர் அசட்டையால் போர்டு வழியாக நடந்தவற்றுக்குத்தான் என்று கம்பெனிச் சட்டம் வரையறுக்கிறது. நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று காட்டும் மினிட்ஸ் நகல் உங்கள் வீட்டிலும் இருக்கட்டும். மூன்று, விலகும் முறை. ராஜினாமா கடிதத்தைக் கம்பெனிக்கு ஈமெயிலில் அனுப்புங்கள், கம்பெனி டிஐஆர்-12 போடுகிறதா என்று பாருங்கள், இழுத்தடித்தால் டிஐஆர்-11ஐ நீங்களே போட்டுவிடுங்கள். விலகிப் பல வருஷம் கழித்து நோட்டீஸ் வந்து அலைகிறவர்கள் பெரும்பாலும் கடிதத்தை நேரில் கொடுத்து டீ குடித்துவிட்டு வந்தவர்கள்.

இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டிய ஒரு வேலை, ஐந்து நிமிஷத்தில் முடியும். போன மாத டிடிஎஸ் சலான், பிஎஃப் சலான், ஜிஎஸ்டி 3பி ரிட்டர்ன் மூன்றையும் கேளுங்கள். வழக்கமாக 7ஆம் தேதி, 15ஆம் தேதி, 20ஆம் தேதி என்று கெடு. மூன்றும் கெடுவுக்குள் கட்டியிருந்தால் மேற்கொண்டு பேசுங்கள். "ஆபீஸ்ல பையன் இல்லைங்க, அப்புறம் அனுப்பறேன்" என்றால் டிஐஆர்-2இல் கையெழுத்துப் போடாதீர்கள்.